கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில்

நாங்கள் உதவி கொடுக்கிற ஒரு வீட்டிலிருந்து எங்கள் கோவில் (சர்ச்) பூசைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏம்மா, நாங்க அரிசி குடுக்கிறோம்ங்கிறதுக்காக நீ ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. வராட்டியும் மாசாமாசம் வீட்டுக்கு வந்துடும்." அதற்கு அவர் சொன்னது, "சரிங்கக்கா." அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் வரவில்லை.

சபையில் இருப்பவர்களுக்கு நான் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஏழைகளுக்கு உதவுகிற கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையில் இரண்டு இரண்டு பேராகத்தான் வீடு சந்திக்கப் போவோம், சாதி மதம் பார்ப்பதில்லை, என்ன கொடுத்தோம் என்பதை வெளியில் பேசுவதில்லை. அந்தம்மா இந்து. கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடுகிற குழுவில்) ஒருவர் சொல்லித்தான் போனோம். அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் பாக்கெட், மாத்திரைக்குக் கொஞ்சம் பணம். முதல் தடவை போனபோதே எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பையை வாங்கினார்.

அப்புறம் பூசைக்கு வர ஆரம்பித்தார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. பக்கவாட்டுக் கதவை ஒட்டி, சிலுவைப்பாதைப் படத்துக்குக் கீழே தரையில் உட்காருவார். செருப்பை வெளியே விடாமல் ஒரு கேரி பேக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். எல்லோரும் எழுந்தால் எழுவார், முழங்கால் போட்டால் போடுவார், சமாதானம் சொல்லும்போது யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்ப்பார். காணிக்கை எடுக்கும் நேரத்தில் உள்ளங்கையிலேயே மடித்து வைத்திருந்த பத்து ரூபாயைப் பையில் போடுவார். வியர்வையில் அந்த நோட்டு நனைந்தே இருக்கும். அந்தப் பத்து ரூபாயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் எங்களுக்குக் கணக்குத் தீர்க்கிறார் என்று என் மனதில் பட்டுவிட்டது. அது அப்படித்தானா என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.

எனக்கு ஏன் அப்படிப் பட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அறுபதுகளில் அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் கோவில் வழியாக வந்த காலத்தில், எங்கள் ஆச்சியைத் தெருக் குழாயடியில் வைத்து, "நீங்கல்லாம் கோதுமைக்கு ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே" என்று கேட்டிருக்கிறார்கள். ஆச்சி பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். சாகும்வரை அந்தச் சொல்லை மறக்கவில்லை. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, ஒருவருக்குப் பணமோ பொருளோ கொடுத்து இழுப்பதும் அதில் குற்றம். 2004-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அது போய்விட்டாலும், பையைத் தூக்கிக்கொண்டு ஒரு இந்து வீட்டுக்குள் நுழையும்போது எதிர்வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்தம்மாவின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அவர்கள் பட்டியல் சாதி. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்றவர்களுக்கு எஸ்.சி. தகுதி கிடையாது, கிறிஸ்தவராக மாறியவர்களுக்கு இங்கே பி.சி. சான்றிதழ்தான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் கோவிலுக்குப் போய்க்கொண்டிருப்பவர் தன்னை இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இவர் ஞானஸ்நானம் வாங்கவில்லைதான். ஆனாலும், யாராவது விஏஓவிடம் போய், "அந்தம்மா ஞாயிறானா கோவில்ல இருக்கு" என்று சொல்லிவைத்தால்? ஐந்து கிலோ அரிசிக்காக அந்தப் பையன் காலேஜ் சீட்டுக்கு அலையக்கூடாது என்றும் நினைத்தேன். இது நிஜமாகவே நினைத்ததுதான், பிறகு சேர்த்துக்கொண்டது இல்லை. ஆனால் அன்றைக்கு அவரிடம் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, அது ஏன்?

என்னோடு வீடு சந்திக்க வருகிற அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நிறைய வருடங்களாகச் சபையில் இருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு உன்கிட்ட, வரணுமாக்கான்னு கேட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கேக்காத கேள்விக்கு ஏம்மா பதில் சொன்ன?" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்துக்கள், அவர்கள் யாரிடமாவது போய் நீங்கள் வரவேண்டிய கட்டாயம் இல்லை என்று நாம் சொல்கிறோமா என்றும் கேட்டார். வேளாங்கண்ணிக்கும் உவரிக்கும் வருகிற கூட்டத்தை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? கணவர் படுக்கையில் கிடக்க, வாரத்தில் ஒரு மணி நேரம் யாரும் தன்னை எதுவும் கேட்காத ஒரு இடத்தில் உட்கார வேண்டும் என்று அந்தம்மாவுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த இடத்திலும் நான் போய்க் கேட்டுவிட்டேனோ?

அடுத்த மாதம் போனபோது பையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், "எனக்கு ஒரு கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைச்சிருக்குக்கா, இனி வேற யாருக்காச்சும் குடுங்க" என்றார். வேலை கிடைத்தது உண்மைதான், காலையில் சீருடையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று என்னையே தேற்றிக்கொள்வேன். தேறாது.

சபை ஆரம்பித்த கதையை நினைத்தால் இன்னும் குழம்புகிறது. 1833, பாரிஸ். இருபது வயது மாணவர் ஒசானாமையும் நண்பர்களையும் பார்த்து, உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று விவாதத்தில் எதிர்த்தரப்பினர் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இவர்கள் ஏழைகளிடையே பணிசெய்துவந்த ரோசலி சிஸ்டரிடம் போய், எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஆக, யாருக்கோ பதில் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. நானும் அன்று அந்தம்மாவிடம் பேசிய மாதிரி இருந்தாலும், ஆச்சியைக் கேட்டவர்களுக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஆனால் ஒசானாம் அதோடு நிற்கவில்லை. விறகோடு படியேறிப் போய், அந்த வீட்டு மனிதர்களைத் தெரிந்துகொண்டார். நான் தெரிந்துகொண்டேனா? அவர் கணவரின் மாத்திரைப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். அவர் ஏன் பூசைக்கு வந்தார் என்பது தெரியாது.

இத்தனைக்குப் பிறகும், சொல்லியிருக்கக்கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு மனுஷி அரிசிக்காகத்தான் முழங்கால் போடுகிறாள் என்றால், அந்த அரிசியை நான் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். அதைத் தெளிவாக்கும் பொறுப்பு கொடுக்கிறவர்களுக்குத்தான் உண்டு, வாங்குகிறவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை. அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது வேறொரு வீட்டுக்குப் போகிறோம். அங்கேயும் இந்துக் குடும்பம்தான், அங்கேயும் சான்றிதழ் விஷயம் இருக்கிறது. அந்த வீட்டுச் சின்னப்பெண் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மறைக்கல்வி (கிறிஸ்தவ வேதபாட) வகுப்புக்கு வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறாள். அவள் அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அண்ணன் பேச்சைக் கேட்டதாலா, பயத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. வரும் சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போகவேண்டிய முறை எங்களுடையது. இந்தத் தடவை பையைக் கொடுத்ததும் எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.