இரட்டைக் கர்ப்பமும் அந்த 25 மி.மீட்டரும்

இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். யாருக்கு ரொம்ப முந்தும் என்பதை ஓரளவு காட்டுவது கர்ப்பப்பை வாயின் நீளம்; அது குறைந்தால் முந்தும் வாய்ப்பு அதிகம். 18 முதல் 24 வாரத்துக்குள், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனோடு சேர்த்தே அளந்துவிடலாம்.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் அளவை நம்ப வேண்டாம். பிறப்புறுப்பு வழியாகத்தான் பார்க்கணும், அதுவும் சிறுநீர் கழித்துவிட்டு. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வாய் நசுங்கி நீளமாகத் தெரியும். ப்ரோபை (ஸ்கேன் குச்சி) அழுத்தினாலும் அதே பொய்தான். படம் வந்ததும் லேசாகப் பின்னுக்கு இழுத்து, கர்ப்பப்பை வாயின் முன் உதடும் பின் உதடும் ஒரே தடிமனில் இருக்கிறதா பாருங்கள். உள்வாயிலிருந்து (கர்ப்பப்பைப் பக்க முனை) வெளிவாய்க்கு (பிறப்புறுப்புப் பக்க முனை) நேர்கோடு. மூன்று முறை அளந்து ஆகக் குறைந்ததை எழுதணும், சராசரியை அல்ல. மூன்று நிமிடமாவது பொறுத்தால்தான் உள்வாய் புனல் போல் திறப்பது கண்ணில் படும்.

25 மி.மீ.க்குக் கீழே என்றால் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீளம் குறைவு என்பதற்காக மட்டும் இரட்டைக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது வழக்கமில்லை. வாயே திறந்திருந்தால் கதை வேறு. படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போகாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் மிச்சம். (மாமியார்கள் மன்னிக்கவும்.)

நீலகிரியில் இந்த எண் பயணத்துக்கும் உதவும். கூடலூரிலிருந்து ஊட்டியே சுமார் 50 கி.மீ. ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோவைக்கு இறங்குவது பெரும்பாடு. வாயின் நீளம் குறைந்தவர்கள் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. உள்ள ஊரில் முன்கூட்டியே தங்க இடம் பார்த்து வையுங்கள். 34 வாரத்துக்கு முன் வலி கண்டால், வண்டி ஏறுமுன் குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் டெக்சாமெத்தசோன் 6 மி.கி. முதல் ஊசி, மீதி மூன்றும் 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம், போன இடத்தில்.