அம்மாவின் நாடகமும் எட்டுத் தட்டுகளும்

2010-இல், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தபோது நடந்தது இது. அம்மா விடியுமுன் பால்மரம் வெட்ட (ரப்பர் பால் எடுக்க) போகிறவர், இரவு நாடகம் தொடங்கும்போது கண் சொக்கிவிடும். அதனால் கம்ப்யூட்டரில் டிவி கார்டு மாட்டி, கூரை ஏரியலிலிருந்து தினமும் அரை மணி நேரம் பதிவு செய்தேன். நாடகம் முடிந்தபோது 120 அத்தியாயம் சேர்ந்திருந்தது.

கார்டு பதிவது எம்பெக்-2 என்ற வீடியோ வடிவத்தில், நொடிக்கு 6,000 கிலோபிட். அரை மணிக்கு 1.35 ஜிபி. அப்படியே விட்டிருந்தால் என் 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் தாங்கியிருக்காது. அதனால் அன்றன்றைக்கே விளம்பரங்களை வெட்டி, 22 நிமிடமாக்கி, மூலத்தை அழித்துவிடுவேன். அப்போதும் ஓர் அத்தியாயம் கிட்டத்தட்ட 1 ஜிபி. ஒரு டிவிடியில் நாலுதான் அடங்கும், மொத்தம் முப்பது தட்டு! இன்னும் சின்னதாக்கும் எக்ஸ்விட் என்ற வீடியோ வடிவத்தில் சுருக்கலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டு டிவிடி பிளேயரில் டிவ்எக்ஸ் (அதே வகை வடிவம்) ஸ்டிக்கர் இருந்தது, அதனால் அதில் எக்ஸ்விட்டும் ஓடும்.

முதல் அத்தியாயத்தை, அளவு எப்படியும் வரட்டும், படத்தின் தரம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வைத்துச் சுருக்கினேன். 210 எம்பி வந்தது. தட்டின் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறதே, 4,700-ஐ 210-ஆல் வகுத்தால் 22. நிம்மதியாக இரவு முழுக்க ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 22 அத்தியாயமும் சேர்ந்து 6,000 எம்பியைத் தாண்டியிருந்தது.

இரண்டு கோளாறு. சின்னது முதலில்: உறையில் உள்ள 4.7 என்பது ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு. விண்டோஸ் 1,024-ஆல் எண்ணும், அதன் கணக்கில் தட்டில் 4,482 எம்பிதான் இடம். பெரிய கோளாறு, முதல் அத்தியாயத்தை வைத்து மற்றதை எடை போட்டது. அதில் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், படம் அசைவதே இல்லை. பிறகு கோயில் திருவிழா வந்தது, கல்யாணம் வந்தது. அதைவிட மோசம் எங்கள் ஏரியல்: இடி மின்னல் நாளில் பதிந்ததில் திரை முழுக்கப் புள்ளி. நமக்கு அது குப்பை. சுருக்கித் தரும் மென்பொருளான என்கோடருக்கு அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் புதுச் செய்தி, விடாமல் எழுதி வைக்கும். வெறும் பேச்சுக் காட்சிகூட அன்றைக்கு 400 எம்பி.

சரி, தட்டிலிருந்து தொடங்குவோம் என்று கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஓரம் கொஞ்சம் விட்டு 4,400 எம்பி. தட்டுக்கு 20 அத்தியாயம் என்று ஒரு சோதனை செய்தேன், மழைக் காட்சியில் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. 16 என்றால் ஒன்றுக்கு 275 எம்பி. அதை 1,024 கணக்கிலேயே பிட்டாக்கி, 22 நிமிடத்தின் 1,320 நொடியால் வகுத்தால் நொடிக்கு சுமார் 1,747 கிலோபிட், ஒலியும் சேர்த்து. (பைட்டை எட்டால் பெருக்க மறந்து 218 என்று வந்ததைப் பார்த்து ஒரு நாள் முழுக்கக் குழம்பியது தனிக்கதை.) ஒலிக்கு 128 வைத்திருந்தேன். கேட்டுப் பார்த்தால் இடது வலது இரண்டிலும் ஒரே சத்தம். மோனோவாக்கி 64-க்கு இறக்கியதில் மிச்சமானதெல்லாம் படத்துக்குப் போனது. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் கோப்பு தனக்கென எடுக்கும் கொஞ்ச இடம் போக படத்துக்கு 1,650 வைத்தேன்.

அப்புறம் இரண்டு பாஸ். முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும், இரண்டாவதில் அதற்கேற்பப் பங்கு பிரிக்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் அளவு சொன்னபடி வந்துவிடும். என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு தட்டுக்கான வேலைக்கே ராத்திரி முழுக்கப் போதவில்லை. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வேர்வையில் படுத்தேன்.

ஏழு தட்டில் 112 போக, எட்டாவதில் எட்டே அத்தியாயம். பாதித் தட்டு வீணாகிறதே என்று அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல் தட்டைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"விளம்பரமெல்லாம் எங்கப்பா? தீபாவளிக்குப் போடுவானே பெட்ரோனாஸ், அது இல்லையா?"

பெட்ரோனாஸ் எண்ணெய்க் கம்பெனியின் விளம்பரத்தைத்தான் கேட்டார். கடைசி ஆறு அத்தியாயம் தீபாவளிச் சமயத்தில் பதிந்தது. அவற்றின் மூலத்தை மட்டும் சோம்பலில் அழிக்காமல் வைத்திருந்தேன். வெட்டிய பகுதி 48 நிமிடம், அதே கணக்கில் 600 எம்பிக்குள். அதையும் சேர்த்து எட்டாவது தட்டை மறுபடி எழுதினேன். அம்மா அடிக்கடி போட்டது அதைத்தான்.