75 கியாட் நோட்டும் சில்லறை டப்பாவும்

பகலில் ரங்கூனில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து எத்தனை மூட்டை, துவரை எத்தனை மூட்டை, இந்தியாவுக்குப் போகும் கப்பலில் எவ்வளவு ஏறியது, இதுதான் வேலை. ராத்திரி கரண்ட் இருந்தால் கதை எழுதுகிறேன். கதைகள் என்று பன்மையில் சொல்ல முடியாது. எட்டு மாதமாக ஒரே கதைதான். போன வாரம் ஏழாவது பிரதி முடிந்தது. எதைச் செய்து பார்த்தேன், எது நின்றது, எது விழுந்தது என்று மறப்பதற்குள் குறித்து வைக்கிறேன்.

முன்னால் சும்மா கிடந்த ஒரு பொருள் பின்னால் எழுந்து நிற்கும் நொடி இருக்கிறதே, கதையில் எனக்குப் பிடித்தது அதுதான். அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பாடு. எனக்குள் வைத்துக்கொண்ட பெயர்: முன்னால் வைப்பது வைப்பு, பின்னால் எழுந்து நிற்பது எடுப்பு. கணக்குப்பிள்ளை புத்தி.

கதை இது. 1987, ரங்கூன். அனவ்ரதா சாலை காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அப்பாயி இட்லிக்கடை போட்டிருக்கிறாள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமெல்லாம் 75 கியாட் (பர்மா நாணயம்) நோட்டுகளாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வருகிறது. மாற்றித் தருவதும் இல்லை. அப்பாயி உட்கார்ந்துவிடுகிறாள். முதல் பிரதியில் இவ்வளவுதான் இருந்தது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதை நம்பக்கூடாது என்று இப்போது தெரிகிறது.

இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் பெரியம்மா. 1987-ல் இதே ஊரில் இருந்தவர். இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "75 கியாட் நோட்டுன்னு எழுதியிருக்கே, அங்கேயே முடிஞ்சு போச்சே தம்பி. இனிமே எதுக்குப் படிக்கணும்?"

இன்னொருவன் சென்னை வியாசர்பாடியில் இருக்கும் மாமா மகன். அவர்கள் குடும்பம் அறுபதுகளில் கப்பலேறிப் போனது. படம் பிடித்து அனுப்பினேன், குரல் பதிவில் பதில் வந்தது. "என்ன மச்சான், கடைசிப் பக்கத்துல திடீர்னு ரேடியோ வந்து எல்லாத்தையும் முடிச்சிடுது? நீயா இட்டுக்கட்டின மாதிரி இருக்கு. அதுவும் இல்லாம பேங்க்ல போய் மாத்திக்க வேண்டியதுதானே? நாங்க 2016-ல மாத்தினோமே."

ஒரே நோட்டு. ஒருவருக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்துவிட்டது, மற்றவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இதை இருவருக்கும் எப்படிச் சரிசெய்வது என்று ஒரு மாதம் ஒன்றும் எழுதாமல் இருந்தேன்.

இரண்டாம் பிரதியில் சென்னைக்காரனைக் கவனித்தேன். இங்கே நோட்டு செல்லாமல் போனது ஒரு தடவை அல்ல. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் போயின. 1985 நவம்பரில் மறுபடியும் அப்படி நடந்தது, ஆனால் அப்போது ஓரளவுக்கு மாற்றிக்கொள்ள விட்டார்கள். அதே மாதம்தான் 75 கியாட் நோட்டு புதிதாக வந்தது. ஆக, அப்பாயி 1985-ல் வரிசையில் நின்று கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் இழந்து, "பழைய நோட்டைத்தான் ஒழிப்பான், புதுசை ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று தெளிந்து 75-க்கு மாறியிருக்கிறாள். இதை ஒரு பத்தியில் வைத்தேன். அவள் ஏமாந்தவளாகத் தெரியவில்லை, பட்டுத் தெளிந்தவளாகத் தெரிந்தாள். அவள் தெளிவேதான் அவளைக் கவிழ்க்கிறது. மாமா மகனுக்கும் "மாற்றிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கை கதைக்குள்ளேயே கிடைத்தது, உடைவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. 1964-ஐயும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். மூன்று என்றதும் பாடப்புத்தகம் ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

மூன்றாம் பிரதி சுத்த நஷ்டம். ருஷ்ய எழுத்தாளர் செகாவ் 1889-ல் ஒரு கடிதத்தில், சுடும் எண்ணம் இல்லாமல் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மேடையில் வைக்காதே என்று எழுதினார். அதை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். இட்லித்தட்டின் ஓட்டை, ஒழுகும் கூரைத் தகரம், பூனை, எல்லாவற்றையும் கடைசியில் சுட்டேன். பூனைகூட ஏதோ செய்தது. படிப்பவருக்கு ஊர் தெரியவில்லை, ஆயுதக்கிடங்கு தெரிந்தது.

அப்போதுதான் மண்டிப் பழக்கத்தில் ஒரு பேரேடு போட்டேன். இடது பக்கம் வைப்பு, எந்தப் பக்கத்தில் என்ற எண்ணோடு. வலது பக்கம் எடுப்பு. நடுவில் ஒரு பத்தி கூடுதலாக: அந்தப் பொருள் வைத்த இடத்தில் என்ன வேலை பார்க்கிறது? இந்த நடுப்பத்திதான் எனக்கு உதவியது. பூனைக்கு அங்கே வேலை இல்லை. பின்னால் பயன்படும் என்பதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தது, அது படிப்பவர் கண்ணில் பட்டுவிடுகிறது. பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 டிசம்பர் 6 அன்று பர்மாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. பழைய பேருந்துகளின் கதவு மட்டும் இடப்பக்கமே இருந்தது, இறங்குபவர் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். எவ்வளவு அழகான விவரம்! கதையில் அதற்கு எடுப்பும் இல்லை, வைத்த இடத்தில் வேலையும் இல்லை. வெட்டினேன். இன்னும் வலிக்கிறது, அதனால்தான் இங்கே சொல்லிவிட்டேன்.

பெரியம்மாவின் குறை அப்படியே இருந்தது. இந்த ஊர்க்காரர் யாரிடமும் 75 கியாட் நோட்டை ஒளிக்க முடியாது. நான்காம் பிரதியில் அந்த எண்ணைச் சொல்லாமல் "பெரிய நோட்டு" என்று மழுப்பினேன். "ஏன் ஒளிக்கிறே?" என்று கேட்டார். உடனே கண்டுபிடித்திருந்தார்.

ஐந்தாவதில் தலைகீழாகச் செய்தேன். முதல் வரியிலேயே 1987 ஆகஸ்ட் என்று எழுதிவிட்டேன். நோட்டு ஒழியப் போவது தெரிந்தவர்க்கு முதல் வரியிலிருந்தே வயிறு பிசையட்டும். அவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் கண்ணில் படாது. 75 கியாட் நோட்டை எங்கே ஒளிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அதன் பின்னால்தான் நல்ல இடம் இருந்தது!

பின்னால் வைத்தது சில்லறை. அப்பாயிக்கு ஒரு பேரன், பத்து வயது. கல்லாவிலிருந்து ஒரு கியாட், ஐந்து கியாட் என்று திருடி, வாடகைப் புத்தகக் கடையில் படக்கதை எடுத்துப் படிக்கிறான். மிச்சத்தைப் பால் டப்பாவில் போட்டு அடுப்படிக்குப் பின்னால் வைத்திருக்கிறான். அப்பாயி வெள்ளிக்கிழமை தோறும் கல்லாச் சில்லறையை எண்ணி, அரிசிக் கடையில் கொடுத்து 75 கியாட் நோட்டாக மாற்றுவாள். அந்த நோட்டு கசங்காமல் இருந்தால்தான் வாங்குவாள். படிப்பவர் சிரிப்பதற்கான இடம் அது, டப்பாவும் அந்தச் சிரிப்போடு உள்ளே வந்துவிடுகிறது. செப்டம்பர் 5 அன்று 1, 5, 10, 15 கியாட் நோட்டுகள் செல்லும். குடும்பம் அன்று அரிசி வாங்குவது சில்லறையில்.

சரி, ஆனால் அந்த வாரச் சில்லறையை அவள் ஏன் மாற்றவில்லை? ஐந்தாம் பிரதியில் வெள்ளிக்கிழமை மழை, அரிசிக் கடை பூட்டு. மாமா மகன் விடவில்லை. "உனக்கு வேணும்னா மழை பெய்யுமா?" மழைக்காலம்தான், செப்டம்பரில் ரங்கூனில் மழை பெய்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்றேன். அவன் சொன்னதில்தான் நியாயம் இருந்தது. அதே மழை கூரையைப் பிய்த்துக் குடும்பத்தைக் கெடுத்திருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. தற்செயல் கெடுதல் செய்தால் நம்புகிறோம், உதவி செய்தால் யார் ஏற்பாடு என்று தேடுகிறோம்.

ஆறாவதில் மழையை நிறுத்தினேன். அப்பாயி கணக்கில் கறார் என்பது இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வெள்ளி பதினொரு கியாட் இடிக்கிறது. பேரன் எடுத்தது. எண்ணுகிறாள், மறுபடி எண்ணுகிறாள், இட்லி எத்தனை போட்டோம் என்று விரல் விடுகிறாள். அரிசிக் கடை சாத்தும்வரை கணக்கு சேரவில்லை. திருட்டுதான் அந்த வாரத்தைக் காப்பாற்றுகிறது.

எந்த நோட்டு செல்லும் என்பதை எங்கே சொல்வது? முதலிலேயே சொன்னால் டப்பா காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் சொன்னால் மாமா மகன் மறுபடி குரல் பதிவு அனுப்புவான். இதற்குச் சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். சிலம்பு ரொம்ப முன்னாலேயே வருகிறது, அதுவும் இல்லாததாக வருகிறது. கோவலன் பிரிந்த பிறகு கண்ணகியின் சீறடியில் "அணிசிலம்பு ஒழிய" என்று. அப்புறம் அவளே விற்கக் கொடுக்கிறாள். ஆனால் பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மணி என்ற வித்தியாசம் வழக்காடும் இடத்தில், உடைப்பதற்குச் சற்று முன்னால்தான் பேச்சில் வருகிறது. பொருள் வெகுமுன்னால், தீர்ப்பைத் தரும் விவரம் தக்க சமயத்தில். அப்படியே எடுத்துக்கொண்டேன். டப்பா முதல் பக்கத்தில். எது செல்லும் என்பதைச் சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று சொல்கிறாள், டப்பாவுக்கு அரைப்பக்கம் முன்னால்.

ஏழாம் பிரதியில் பேரேடு சேர்ந்தது. வைப்பு ஆறு, எடுப்பு ஆறு. பெருமையோடு பெரியம்மாவிடம் கொண்டு போனேன். மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டே முழுவதும் படித்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. முடித்ததும் கேட்டார்: "அந்தக் கரண்டி என்னாச்சு?"

எந்தக் கரண்டி? "இரண்டாம் பக்கத்துல சொல்றாளே, கல்லாவுல கை வச்சவன் கையில கரண்டியக் காய்ச்சிச் சூடு வைப்பேன்னு. பையன் மாட்டிக்கவே இல்லையே."

கறாரைக் காட்டுவதற்காகப் போகிறபோக்கில் எழுதிய வசனம். பேரேட்டில் நான் ஏற்றவே இல்லை. மிரட்டலும் ஒரு வைப்பு என்று தோன்றாமல் போனது.

எட்டாவதற்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். அப்பாயி மன்னித்துக் கட்டிப்பிடிக்கிறாள். வேண்டாம். டப்பாவை எண்ணச் சொல்கிறாள், பதினொன்று வருகிறது, கணக்குப் புத்தகத்தில் "கணக்கு சரி" என்று எழுதுகிறாள். எனக்குப் பிடித்தது, என் தொழில் அப்படி. காய்ந்த கரண்டியோடு வருகிறாள், பையன் கையை நீட்டுகிறான், கையில் இட்லி விழுகிறது. இதைப் பெரியம்மாவிடம் வாயால் சொன்னேன்.

"எங்கம்மாவா இருந்தா சூடும் வச்சிருப்பா, இட்லியும் குடுத்திருப்பா" என்றார்.

எட்டாம் பிரதியில் இரண்டும் இருக்கிறது. இப்போதைக்குச் சூடு முதலில் வருகிறது.