பலகையில் எழுதிய சொல்

மூன்று மண்மேடுகள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தை, மண் ட்ராக்கில் நடக்கும் பைக் பந்தயமான மோட்டோகிராஸில் ட்ரிபிள் என்போம். முதல் மேட்டில் ஏறிப் பறந்து, நடு மேட்டைக் காற்றிலேயே கடந்து, மூன்றாவதன் மறுபக்கச் சரிவில் இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் ஒவ்வொரு லேப்பிலும், அதாவது ட்ராக்கின் ஒவ்வொரு முழுச் சுற்றிலும், சிறிது நேரம் மிச்சமாகும். எட்டாமல் போனால் மூன்றாம் மேட்டிலேயே பைக் மோதும். பறக்க விரும்பாதவர் மூன்று மேடுகளிலும் உருட்டிக்கொண்டு ஏறி இறங்கலாம், அதில் மானக்கேடு ஏதும் இல்லை. உண்மையான ஆபத்து இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஏறுமுகத்தில் மனம் தயங்கிக் கை ஆக்சிலேட்டரைச் சற்றே விட்டுவிட்டால், முன்சக்கரம் காற்றில் தாழ்ந்து, வீரரைத் தலைகுப்புறத் தள்ளிவிடும்.

கோவையிலிருந்து புறப்பட்டுத் தேசியப் போட்டிகளுக்குச் செல்லும் ஒரு சிறு அணியில் நான் மெக்கானிக். டயர் காற்று, செயின் தளர்வு, ஏர் ஃபில்டர் ஆகியவற்றோடு என் வேலை முடிந்துவிடுகிறது என்றுதான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பந்தயத்தின்போது ட்ராக் ஓரத்தில் நின்று, கரும்பலகை போன்ற பிட் போர்டில் வீரர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதும் மீதி லேப்புகளும் எழுதிக் காட்டுவதையும் அதே வேலையின் ஒட்டுப்பகுதியாகவே செய்துவந்தேன்.

மகாராஷ்டிரத்தில் நடந்த ஒரு போட்டியில், எங்கள் இளம் வீரர் பயிற்சியின்போது ட்ரிபிளை ஆறு முறை முயன்று நான்கு முறை சுத்தமாகத் தாண்டியிருந்தார். பிற்பகலில் புழுதியை அடக்கத் தண்ணீர் லாரி ஒரு சுற்று வந்ததில், ட்ரிபிளுக்கு முந்தைய வளைவு களிமண்ணாய் வழுக்கத் தொடங்கியது. அங்கே வேகம் கிடைக்காது என்று கண்ட நான், பதற்றத்தோடு பலகையில் ‘நோ ட்ரிபிள்’ என்று எழுதி நீட்டினேன். அதைப் பார்த்துத் தலையசைத்துச் சென்ற அவர், அதே லேப்பில் ட்ரிபிளை நோக்கி முழு ஆக்சிலேட்டரில் ஏறினார். வேகம் போதவில்லை. காறை எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, போர்டுல ட்ரிபிள்னுதானுங்க இருந்துச்சு?” என்பது. “இல்ல கண்ணு, வேண்டாம்னுதான் எழுதினேன்” என்று சொல்லும்போதே தவறு யாருடையது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இதயம் ஏறக்குறைய அதன் உச்ச வேகத்தில் துடிக்க, புழுதி படிந்த கண்ணாடி வழியே ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் பலகையைப் பார்க்கும் ஒருவருக்கு இரண்டு சொற்கள் அதிகம். அவற்றில் ஒன்று மறுப்புச் சொல்லாக இருந்தால் அது கண்ணில் படாமலே போகும். காலை முதல் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த சொல்லையே நான் பெரிய எழுத்தில் காட்டியிருக்கிறேன்.

அதன்பின், செய்யக்கூடாததைப் பலகையில் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். செய்யவேண்டியது மட்டும், அதுவும் முன்பே இருவரும் பேசி வைத்த ஒரே சொல்லாக இருக்கும். ‘உருட்டு’ என்பது அப்படி வந்த சொல். ஆனால் பலகையைத் திருத்துவது எளிதாக இருந்தது, முடிவெடுக்கும் இடத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. ட்ரிபிளின் அடியில் எடுக்கும் முடிவு காலம் தாழ்ந்த முடிவு. ஆகவே ட்ராக்கை நடந்து பார்க்கும்போதே, வளைவிலிருந்து வெளிவருகையில் பின்சக்கரம் வழுக்கினால் உருட்டுவது, வழுக்காவிட்டால் பறப்பது என்று பேசி முடித்துவிடுகிறோம். ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி ஆடினால் பேச்சே இல்லை, விதியே தாண்டக்கூடாது என்கிறது.

எலும்பு கூடிவந்த மாதங்களில் நாங்கள் செய்த பயிற்சி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கமான ட்ராக் ஒன்றை மனத்துக்குள் ஒரு லேப் ஓட்டுவார். நான் ஸ்டாப்வாட்ச் பிடிப்பேன். உண்மையில் 1 நிமிடம் 40 விநாடி பிடிக்கும் லேப், மனத்தில் 1 நிமிடம் 25 விநாடியிலேயே முடிந்தது. எந்த இடத்தில் நேரம் காணாமல் போகிறது என்று பகுதி பகுதியாக அளந்தபோது, ட்ரிபிளும் அதற்கு முந்தைய வளைவும் மனத்தில் வெறும் இமைப்பொழுதாகக் கடந்து போயிருந்தன. அஞ்சும் இடத்தை மனம் தாவிவிடுகிறது. “எனக்குப் பயமே இல்லீங்கண்ணா” என்று அதுவரை சொல்லிவந்தவர், அந்த அளவைப் பார்த்தபின் சிறிது நேரம் பேசவில்லை. மன ஓட்டமும் மெய் ஓட்டமும் ஓரிரு விநாடி வித்தியாசத்துக்குள் வரும்வரை அவரைப் பைக்கில் ஏற்றுவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அணியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

உலக சாம்பியன்ஷிப்பில் 40 பேர் வரை ஒரே கேட்டிலிருந்து புறப்பட்டு, 30 நிமிடமும் மேலும் இரண்டு லேப்பும் ஓடுகிறார்கள். பின்தங்கியவர் மீண்டெழ அங்கே சிறிது காலம் உண்டு. செயற்கையாக அமைத்த குறுகிய ட்ராக்கில் நடக்கும் நம் நாட்டுச் சூப்பர்கிராஸில் லேப்புகள் குறைவு என்பதால், ஒவ்வொரு தவறும் இரட்டிப்பாய்க் கனக்கிறது. அதனாலேயே நம் பிள்ளைகள் எல்லா மேட்டையும் தாண்டத் துடிக்கிறார்கள். அமெரிக்க மோட்டோகிராஸ் தொடரில் 2002-இல் ரிக்கி கார்மைக்கேல் என்ற வீரர் 24 மோட்டோக்களில், அதாவது தனித்தனிப் பந்தய ஓட்டங்களில், 24-ஐயும் வென்றார். அவரை நேரில் காணும் வாய்ப்பு வந்தால், அந்த ஆண்டு எத்தனை இடங்களில் தாண்டாமல் விட்டார் என்றுதான் கேட்பேன்.

அடுத்த பருவத்தில், கடைசி லேப்புக்கு முந்தைய லேப்பில் எங்கள் வீரர் மூன்றாம் இடத்தில் வந்துகொண்டிருந்தார். என் பலகையில் இடத்தின் எண் மட்டுமே இருந்தது. அவர் ட்ரிபிளை உருட்டினார். பின்னால் வந்தவர் தலைக்கு மேலே பறந்து முந்திச் சென்றார். நான்காவதாக முடித்து வந்தவரிடம், வேலிக்கு அப்பால் நின்ற அவருடைய அப்பா ஏன் தாண்டவில்லை என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். “வளைவுல பின் வீல் வழுக்கீருச்சுங்கப்பா, அங்கேயே முடிவாயிருச்சு” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என்னிடம் தண்ணீர் கேட்டார்.