கடைசி ஆல்பம் வேறு, பிரியாவிடை வேறு

தி ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கடைசி ஆல்பத்தைப் பிரியாவிடை ஆல்பம் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை ரிகர்சல் முடிந்ததும் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. ராத்திரி வெகு நேரம் வரை ராயபுரம் மொட்டை மாடியை விட்டு ஒருத்தரும் கீழே இறங்கவில்லை. நான் சொல்ல நினைத்ததில் பாதிதான் அங்கே வாயில் வந்தது. மீதி இங்கே.

நாங்கள் மெல்லிசைக் குழு. கல்யாண ரிசப்ஷன், அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் என்று தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை வாசிக்கிறோம். நான் பேஸ் கிடார். லீட் கிடார் வாசிக்கும் அண்ணன் பெரம்பூர், ரயில்வே குடும்பம், ஆங்கிலோ இந்தியர். எனக்கு ராக் இசை என்று ஒன்று இருப்பதைக் காட்டியவரே அவர்தான். ரிதம் பேட் வாசிக்கும் தம்பி காசிமேடு. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தபோது கூட்டத்தில் முன்னால் நின்று பார்த்தவன். கானாவும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒரே மேடையில் நின்றதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு வெளியூர் இண்டி ராக் மேல் பித்துப் பிடித்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்மித்ஸ் 1982இல் மான்செஸ்டரில் தொடங்கிய குழு. பாட்டு மாரிஸ்ஸி, கிடார் ஜானி மார், பேஸ் ஆண்டி ரூர்க், டிரம்ஸ் மைக் ஜாய்ஸ். பெரிய கம்பெனிகளை நம்பாமல் ரஃப் டிரேட் என்ற சின்ன நிறுவனத்தோடு நின்று, 1984 முதல் 1987 வரை நான்கு ஸ்டூடியோ ஆல்பங்கள் போட்டார்கள். நான்காவதுதான் 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்'. 1987 செப்டம்பர் 28இல் அது கடைக்கு வந்தபோது குழுவே கலைந்துவிட்டிருந்தது.

அண்ணன் கட்சி இதுதான்: அவர்களுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது, தெரிந்தேதான் செய்தார்கள். அதற்கு அவர் முதலில் தலைப்பைக் காட்டுவார். ஸ்ட்ரேஞ்ச்வேஸ் மான்செஸ்டரில் உள்ள ஜெயில். நம் பக்கத்துப் பையன் 'புழலுக்கு வரோம்' என்று ஒரு ஆல்பத்துக்குப் பேர் வைத்தால் என்ன அர்த்தம் என்று கேட்பார். தம்பி கட்சி வேறு. ஆல்பமே களைத்துப்போய்க் கிடக்கிறது என்பான் அவன். "ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காமலே வாசிச்சிருக்காங்கண்ணா, காதுல கேக்குது பாரு." அவனுக்கு 1986இல் வந்த 'தி குயின் இஸ் டெட்'தான் உச்சம். அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் இறக்கம்.

தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். இந்த ஆல்பம் 1987 வசந்த காலத்தில் பாத் நகரத்துக்குப் பக்கத்தில், வுல் ஹால் ஸ்டூடியோவில் பதிவானது. அந்த நாட்கள் சந்தோஷமாகவே போயின என்று மாரும் சொல்லியிருக்கிறார், கூட இருந்து தயாரித்த ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டும் சொல்லியிருக்கிறார். தங்கள் ஆல்பங்களிலேயே இதுதான் சிறந்தது என்பதில் மாரிஸ்ஸிக்கும் மாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. வேறு பல விஷயங்களில் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போகிறார்கள்.

காதில் விழுவதும் களைப்பு இல்லை. முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கிடாரே கிடையாது. இங்கிலாந்து முழுக்க இளைஞர்கள் எந்தக் கிடார் சத்தத்துக்காக இந்தக் குழுவைக் கொண்டாடினார்களோ, அந்தச் சத்தத்தை மார் வேண்டுமென்றே ஓரமாக வைத்துவிட்டு பியானோவில் ஆரம்பிக்கிறார். 'டெத் ஆஃப் எ டிஸ்கோ டான்ஸர்' பாட்டின் பின்பாதியில் எல்லாரும் கட்டவிழ்த்துக்கொண்டு வாசிக்க, நடுவில் ஒரு பியானோ தாறுமாறாக விழும். அது மாரிஸ்ஸி தட்டியது. ஸ்மித்ஸ் பதிவுகளில் அவர் ஒரு வாத்தியத்தைத் தொட்டது அந்த ஒரு இடத்தில்தான். 'லாஸ்ட் நைட் ஐ ட்ரெம்ட் தட் சம்படி லவ்ட் மீ' பாட்டில் குரல் வருவதற்கு முன்னால் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் பியானோவும், தூரத்தில் ஒரு கூட்டத்தின் கூச்சலும் மட்டும் கேட்கும். முடிந்துபோன குழு இப்படியெல்லாம் புதுசு தேடாது. 'டெத் அட் ஒன்ஸ் எல்போ' சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டை வைத்து ஆல்பத்தைத் தள்ள முடியுமா?

அண்ணனோடு பேசுவதுதான் கஷ்டம். தேதிகளை வரிசையாகச் சொன்னேன். பதிவு முடிந்து, அதே வருஷம் மே மாதம் லண்டனில், ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியாக வரும் சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்துக்காக மறுபடி உட்கார்ந்தார்கள். உண்மையான கசப்பு அங்கேதான். அறுபதுகளின் இங்கிலாந்துப் பாடகி சில்லா பிளாக் பாடிய பழைய பாட்டு ஒன்றைத் திரும்பப் பாட வேண்டும் என்றார்கள், மாருக்கு அது பிடிக்கவே இல்லை. குழுவுக்கு நிலையான மேனேஜர் கிடையாது, அந்த வேலையும் மார் தலையில்தான் விழுந்தது. அப்போது அவருக்கு 23 வயது. ஓய்வு கேட்டார். குழு உடைகிறது என்று என்.எம்.இ. என்ற இங்கிலாந்து இசை வார இதழ் செய்தி போட்டது, ஆகஸ்டில் அவர் விலகியது உறுதியானது. வேறு கிடார்காரரை வைத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இதெல்லாம் ஆல்பம் பதிவாகி முடிந்த பிறகு நடந்தவை. இன்னொன்று, ரஃப் டிரேடுக்கு இதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆல்பத்திலிருந்து ஈ.எம்.ஐ. என்ற பெரிய கம்பெனிக்கு என்று ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகியிருந்தது. அடுத்த கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டு யாராவது விடைபெற்றுப் பாடுவார்களா?

அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிப்பா. கடைசிப் பாட்டு?"

அதைத்தான் அவர் எப்போதும் கடைசியில் எடுப்பார். 'ஐ வோன்ட் ஷேர் யூ'. உன்னை நான் யாரோடும் பங்கு போட மாட்டேன் என்று மாரிஸ்ஸி பாடுவது மாரைப் பார்த்துத்தான் என்று ரசிகர்கள் அன்றிலிருந்து பேசிவருகிறார்கள். மார் அதில் ஆட்டோஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தை மீட்டுவார். அந்தத் தந்திகளும் ரூர்க்கின் பேஸும்தான் பாட்டைத் தாங்கிப் போகும். முடிவில் ஒரு மவுத்ஆர்கன் கொஞ்சம் வந்துவிட்டுப் போகும். அழகான பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எனக்கு அது ஒருநாளும் கடைசிப் பாட்டாக இருந்ததில்லை. அதற்குக் காரணமே இந்த அண்ணன்தான்! தொண்ணூறுகளில் அவர் எனக்கு ஒரு 90 நிமிஷக் கேசட்டில் இந்த ஆல்பத்தைப் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கத்தில் 'தி குயின் இஸ் டெட்', மறுபக்கத்தில் 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ்'. ஆல்பம் 37 நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவு, பக்கம் 45 நிமிஷம். மிச்ச டேப்பை வீணாக்கக் கூடாது என்று, கப்பலில் வேலை பார்த்த அவருடைய அங்கிள் கொண்டுவந்த 'கேர்ள்ஃப்ரெண்ட் இன் எ கோமா' சிங்கிளின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பதிந்துவிட்டார். அட்டையில் நீல மசியில் பாட்டுப் பெயர்கள், அவருடைய சாய்ந்த கையெழுத்து. இடம் போதாமல் கடைசி இரண்டு பெயர்களும் ஓரத்தில் செங்குத்தாக ஏறியிருக்கும். அதனால் எனக்கு 'ஐ வோன்ட் ஷேர் யூ' முடிந்ததும் அந்தச் சில்லா பிளாக் பாட்டு வரும், பிறகு 'ஐ கீப் மைன் ஹிடன்' வரும். குழு கடைசியாகப் பதிவுசெய்த சொந்தப் பாட்டு இந்த 'ஐ கீப் மைன் ஹிடன்'தான். சீட்டியடித்துக்கொண்டு நடந்துபோகிற மாதிரியான சின்னப் பாட்டு. மே மாதக் கணக்குப்படி பார்த்தால் உண்மையான கடைசி இதுதான். இதில் எங்கே பிரியாவிடை இருக்கிறது?

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளவில்லை. அவர் அந்தப் பாட்டில் கேட்பது பொய் என்று சொல்வதும் என் நோக்கமில்லை. அது ஆல்பத்துக்குள் இருப்பது அல்ல, கேட்கிறவர்கள் பிறகு கொண்டுவந்து வைத்தது என்றுதான் சொல்கிறேன்.

வடசென்னையில் பிறந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். நம் தெருவில் பிரியாவிடைப் பாட்டு என்றால் மரண கானா. போனவர் அதைப் பாடமாட்டார், இருக்கிறவர்கள்தான் பாடுவார்கள். என் தாய்மாமன் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவர் போன ராத்திரி கொருக்குப்பேட்டையில் பந்தல் போட்டு, விடிய விடியக் கானா நடந்தது. பாட வந்தவர் வந்ததும் மைக்கைத் தொடவில்லை. அத்தை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேரன் பேத்திகள் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு, பந்தல்காரர் கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டார். "சைக்கிள் என்ன சைக்கிள்மா?" என்று கேட்டார். அத்தை சொன்னாள். அப்புறம்தான் டோலக் ஆரம்பித்தது. ரசீதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, மாமாவின் சைக்கிளையும் அவர் போய் டீ குடித்த கடையையும் பேத்தி பெயரையும் தாளத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். பேத்தி பெயர் வந்த இடத்தில் பந்தலே எழுந்து அழுதது. மாமாவுக்குத் தான் போகப்போவது தெரியாது. அன்று காலையில்கூட வேலைக்குக் கிளம்பியவர். விடைகொடுக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஸ்மித்ஸ் விஷயத்தில் அந்த ரசீதை எழுதிக்கொண்டிருப்பவர்கள் ரசிகர்கள். இவ்வளவு வருஷமாக ஒவ்வொரு வரியையும் புரட்டி, இது யாரைச் சொன்னது, அது எப்போது எழுதியது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குழுவோ இந்த ஆல்பத்தின் ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசித்ததில்லை. 1986 டிசம்பரில் லண்டன் பிரிக்ஸ்டனில் செய்ததுதான் அவர்களுடைய கடைசிக் கச்சேரி, அப்போது இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்யக்கூட ஆரம்பிக்கவில்லை.

எனக்கு இந்த ஆல்பம் மாறியது 2023 மே மாதத்தில். ஆண்டி ரூர்க் கணையப் புற்றுநோயால் இறந்துபோனார், 59 வயது. செய்தியைச் சொன்னவர் மார். இந்த நால்வரும் என்றாவது மறுபடி சேர்வார்களா என்ற கேள்வி அதோடு முடிந்தது. பேஸ் வாசிக்கிறவனுக்கு அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லி மாளாது. கல்யாணக் கச்சேரியில் பேஸ் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். ரூர்க் கீழே நின்றுகொண்டே தனியாக ஒரு மெட்டுப் பாடுவார். கிடாரை மூடிவிட்டு அதை மட்டும் கேட்டாலும் அது முழுப் பாட்டு. 'டெத் ஆஃப் எ டிஸ்கோ டான்ஸர்' முழுக்க அந்தச் சுற்றி வருகிற பேஸ்தான் மற்றவர்கள் எல்லாரையும் பிடித்து வைத்திருக்கிறது. அவர் இறந்த வாரம் நான் வாசிக்க உட்கார்ந்தபோது, 'ஐ வோன்ட் ஷேர் யூ' பாட்டின் பேஸை என் கை தானாகத் தேடியது. அன்றைக்கு அது எனக்கும் பிரியாவிடையாகத்தான் கேட்டது. அந்த ரசீதில் ரூர்க் பெயரை எழுதிக்கொண்டவன் நான்.

இதையெல்லாம் மாடியில் சொன்னபோது தம்பி கொஞ்சம் இறங்கி வந்தான். வீட்டுக்குப் போய் ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் கவனித்து மறுபடி கேட்கிறேன் என்றான். அண்ணன் அசையவில்லை. தெரியாமல் செய்தவன் ஒரு ஆல்பத்தை அந்த இடத்தில் முடிக்க மாட்டான், வரிசையைத் தீர்மானிப்பது தற்செயல் இல்லை என்கிறார். அந்த வாதத்தில் சத்து இருக்கிறது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். தந்தால் ஒரு எழுத்து மாற்றாமல் இங்கேயே போடுகிறேன்.