கரண்ட் கட்டுக்கு எந்த சோலார்?
திருமங்கலம் பக்கம் சொந்தக்காரர்கள் பலர் மாடியில் சோலார் போட விசாரிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது மானியம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ₹78,000 கிடைக்கிறது, நல்ல விஷயம்.

ஆனால் உங்கள் கவலை மின்வெட்டு என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார் (மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் வகை), லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், மதுரை உச்சி வெயில் கொளுத்தினாலும்! நம் பேனலின் கரண்ட் லைனில் பாயாமல், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிரைக் காக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அது இருக்கவே வேண்டும். பில் குறைய அந்த வகை போதும்.

மின்வெட்டைச் சமாளிக்க பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்து இயக்கும் கருவி) வேண்டும். செலவு கூடும். அதனால் ஃபேன், லைட், வைஃபை மட்டும் பேட்டரி லைனில் விடுங்கள், ஏசி வேண்டாம். அப்புறம், தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழுமா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.