காசு மேல் தப்பில்லை, சோதனை மேல்தான்

நேற்று ராத்திரி நாலே சொட்டு நைட்ரிக் அமிலம் என் நாலு மாசப் புலம்பலை முடித்து வைத்தது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பிரெஞ்சுக் காலத்துச் செம்புக் காசு. ஒருபக்கம் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. துடைத்து வைத்தால் பத்தே நாளில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். செம்பை அரிக்கும் ‘வெண்கல நோய்’தான். ஈரப்பதம் 45 சதவீதத்தைத் தாண்டினாலே அடியில் ஒளிந்திருக்கும் குளோரைடு வேலையைக் காட்டும். கடலோரத் தேவனாம்பட்டினத்தில் அது என்றைக்கு அதற்குக் கீழே இறங்கியிருக்கிறது?

சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் கலந்த 5 சதவீதக் கரைசலில் ஊறல், வாராவாரம் மாற்றல். வெளியே எடுத்த கரைசலில் சில்வர் நைட்ரேட் சொட்டுவேன்; குளோரைடு இன்னும் இருந்தால் வெள்ளையாகக் கலங்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் கலங்கும். முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் போர் தண்ணீர் சும்மாவே கலங்கும். பங்க்கில் பேட்டரி தண்ணீர் வாங்கினேன், அதைத் தனியாகச் சோதித்தால் தெளிவு. அப்புறம் விரல் வியர்வையைச் சந்தேகப்பட்டுக் கையுறை போட்டேன். கலங்கல் போகவில்லை.

கோளாறு கரைசலிலேயே! சோடாவில் உள்ள கார்பனேட்டோடு வெள்ளி சேர்ந்து சில்வர் கார்பனேட் படிந்திருக்கிறது. அதில் லேசாக மஞ்சள் ஓடும், டியூப்லைட்டில் எனக்கு எல்லாமே வெள்ளை. கார்பனேட்டை விரட்ட முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, நுரை அடங்கி, லிட்மஸ் சிவந்த பிறகுதான் சில்வர் நைட்ரேட். அப்படிச் செய்ததும் கண்ணாடி மாதிரித் தெளிவு. சந்தேகம் தீர அதே குழாயில் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். உடனே தயிர்த் திப்பி. இன்று ஜன்னலோரம் வைத்ததில் மத்தியானத்துக்குள் ஊதா ஏறிவிட்டது. குளோரைடு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆக, காசு எப்போதோ சுத்தமாகியிருக்கும். நான் வீணாக ஊறவைத்ததில் நல்ல களிம்பும் கொஞ்சம் கரைந்துபோயிற்று. கரைசல் நீலமாக மாறியபோதெல்லாம் ‘ஆகா, வேலை செய்கிறது’ என்று குதித்தவன் நான்.

சில்வர் நைட்ரேட் இங்கே பெரிய பாட்டிலாகத்தான் தருவோம் என்றார்கள். பாண்டியில் பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் 5 கிராம் கிடைத்தது. “வீட்டுல ஸ்கூல் நடத்துறீங்களா சார்?” என்றார் கடைக்காரர். என் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்ததைப் பார்த்திருப்பார்.

காசு இப்போது டிபன் பாக்ஸில், ஈரப் பஞ்சுக்குப் பக்கத்தில். பச்சைப் புள்ளி வராவிட்டால் செம்பை மேலும் அரிக்காமல் காக்கும் பென்சோட்ரையசோல், 3 சதவீதம், ஆல்கஹாலில். அதற்குள் திருப்பாதிரிப்புலியூர் காயலான் கடையில் எடைக்கு வாங்கிய உடைந்த மணித்துண்டைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். ஃபெரிக் குளோரைடால் அரித்து உலோகத்துக்குள் இருக்கும் படிகத் துகள்களைப் பார்க்க ஆசை. 800-ஆம் நம்பர் உப்புத்தாளுக்கு வந்தும், முரடான 400-ஆம் நம்பர் போட்ட கோடு ஒன்று மட்டும் குறுக்கே நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது.